பழைய ஐரோப்பிய பீரும் புதிய கிராஃப்ட் பீரும்: ஜோடி போட்டுச் சுவைத்து ஒப்பிடுவது எப்படி?

பில்ஸ்னர் என்ற பொன்னிற பீரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்துவிட்டு, மேசையில் அரை மணி நேரம் கிடந்த ஐபிஏ-வை (மணமும் கசப்பும் தூக்கலான ஒரு பீர் வகை) அடுத்ததாகக் குடித்தால், "அது சப்பென்று இருந்தது, இது கமகமக்கிறது" என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கே ஒப்பிட்டது குளிர்ச்சியை. பீரைப் பற்றி இன்னும் எதுவும் தெரியவில்லை. கடையில் ஒரு வருடம் வெளிச்சத்தில் நின்ற பாட்டிலையும் போன மாதம் அடைத்த டின்னையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் இதே தவறுதான்.

பீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட வேண்டும்: ஒரே வெப்பநிலை, ஒரே வடிவக் கிளாஸ், ஒரே அளவு, பெயர் தெரியாத நிலை. அதோடு, கண்டபடி பத்து பாட்டில் வாங்காமல் ஜோடி ஜோடியாக வாங்க வேண்டும். ஒரு பழைய ஐரோப்பிய பீர், அதன் வழியில் வந்த ஒரு புதிய பீர் (கிராஃப்ட் என்பது சிறிய ஆலைகள் தொடங்கிவைத்த புதுப் பாணி). உறவு உள்ள இரண்டைப் பக்கத்தில் வைத்தால்தான் எது மாறியது, ஏன் மாறியது என்பது நாக்குக்குப் புரியும். கீழே உள்ள திட்டம் 4 பேர், 4 ஜோடி, ஒரு மாலை என்ற கணக்கில் போட்டது.

என்ன வாங்குவது, எவ்வளவு

முதல் ஜோடி: செக் நாட்டின் பில்ஸ்னர் உர்க்வெல் (4.4%), இத்தாலியின் டிப்போபில்ஸ் (5.2%). டிப்போபில்ஸ் கிடைக்காவிட்டால் அதைப் பார்த்து உருவான கலிபோர்னியாவின் ஃபயர்ஸ்டோன் வாக்கர் பிவோ சரியான மாற்று.

இரண்டாவது, பேல் ஏல் ஜோடி: லண்டனின் ஃபுல்லர்ஸ் லண்டன் பிரைட் பாட்டில் (4.7%), அமெரிக்காவின் சியரா நெவாடா பேல் ஏல் (5.6%).

மூன்றாவது, கோதுமை ஜோடி: பவேரியாவின் ஷ்னைடர் வைஸ்ஸே ஒரிஜினல் (5.4%), அதே ஆலையின் ஹாப்ஃபென்வைஸ்ஸே (8.2%).

நான்காவது, புளிப்பு ஜோடி: பெல்ஜியத்தின் பூன் ஔட கூஸ் (சுமார் 7%), ஏதாவது ஒரு கிராஃப்ட் ஆலையின் கோஸே (பெரும்பாலும் 4.5%-ஐ ஒட்டி இருக்கும்).

ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் போதும். ஆளுக்கு 75 மில்லி. 330 மில்லி பாட்டில் நாலு பேருக்குச் சரியாக வரும். 8 பீர், ஆளுக்கு 600 மில்லி. மில்லி அளவை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுத்து, 0.789-ஆல் பெருக்கினால் சுத்த ஆல்கஹால் கிராமில் வரும். இந்த 8 பீருக்கும் சேர்த்துச் சுமார் 27 கிராம். பிரிட்டனில் ஒரு யூனிட் என்பது 8 கிராம். ஆக 3 யூனிட்டைத் தாண்டிவிடும். குறைவாகத் தோன்றினாலும், வண்டி ஓட்டும் நிலை அல்ல. வீட்டுக்குப் போகும் வழியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஊற்றும் அளவைக் கூட்டவும் வேண்டாம். ஐந்தாவது கிளாஸுக்கு மேல் மூக்கு மந்தமாகி, ஆல்கஹால் கூடுதலாக உள்ள பீரே நல்ல பீர் என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு: தேதி, வெளிச்சம்.

ஹாப்ஸின் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) மணம் முன்னால் நிற்கும் பீர்கள், அதாவது டிப்போபில்ஸ், பேல் ஏல், எல்லா ஐபிஏ-க்களும், அடைத்து மூன்று மாதத்துக்குள் குடிக்க வேண்டியவை. "இந்தத் தேதிக்குள் குடிக்கவும்" என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அடைத்த நாளிலிருந்து 9 முதல் 12 மாதம் தள்ளி இருக்கும். அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்பதற்காகப் பீர் புதிது என்று அர்த்தமில்லை. அடைத்த தேதியைப் போடும் ஆலைகளுக்கே முன்னுரிமை கொடுங்கள். பழசானால் முதலில் பழ மணம் போகும். பிறகு ஈரமான அட்டைப் பெட்டி மாதிரி ஒரு மந்த வாசனை வரும். பாட்டிலுக்குள் புகுந்த ஆக்சிஜனின் வேலை அது. சூடான கிடங்கில் வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். கூஸ் இதற்கு விதிவிலக்கு. இருட்டான, குளிர்ந்த இடத்தில் பல வருடம் தாங்கும்.

வெளிச்சம் இதைவிட வேகமாகக் கெடுக்கும். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து, பீரில் உள்ள கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து, ரப்பர் கருகிய மாதிரி ஒரு நாற்றத்தை உண்டாக்கும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு தடுக்கும். பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தடுக்கும். நிறமில்லாத கண்ணாடி எதையும் தடுக்காது. டின் முழுசாகத் தடுக்கும். இதைப் படித்து நம்புவதைவிட ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நல்லது: நல்ல பில்ஸ்னரை இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றை அலமாரிக்குள்ளும் மற்றதை நேர் வெயிலிலும் 15 நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டையும் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரே குளிர்ச்சிக்குக் கொண்டுவந்து முகருங்கள். "இறக்குமதி பீர் என்றாலே இப்படித்தான் மணக்கும்" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கும் வாசனை எங்கிருந்து வந்தது என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கிளாஸும் குளிர்ச்சியும்

ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று ஒரு கிளாஸ் உண்டு. வைஸ்பியர் என்ற கோதுமை பீருக்கு அரை லிட்டர் உயரக் கிளாஸ், ஆங்கில ஏலுக்குப் பைன்ட் கிளாஸ். ரசித்துக் குடிக்கும்போது அவை அழகு. ஒப்பிடும்போது அவை குழப்பும், ஏனென்றால் கிளாஸின் வாய் குறுகினால் மணம் கூடும். எனவே எட்டு பீருக்கும் ஒரே மாதிரி, வாய் குறுகிய, தண்டு வைத்த கிளாஸ். சாதாரண ஒயின் கிளாஸ் போதும். ஆளுக்கு இரண்டு இருந்தால் ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் தண்ணீரில் அலசி அடுத்ததற்கு எடுத்துக்கொள்ளலாம்.

கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு, துணியின் பஞ்சு எதுவும் இருக்கக் கூடாது. சுடுதண்ணீரில் கழுவி, மூன்று நாலு தடவை அலசி, துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். சோதிக்க வேண்டுமானால் ஈரக் கிளாஸின் உட்புறத்தில் பொடி உப்பைத் தூவுங்கள். சுத்தமான இடத்தில் உப்பு சீராக ஒட்டும். பிசுக்கு உள்ள இடம் மொட்டையாகத் தெரியும். பீர் ஊற்றிய பிறகு பக்கச் சுவரில் குமிழ்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கிளாஸ் அழுக்கு. நுரை சீக்கிரம் விழுந்ததற்குப் பீரைக் குறை சொல்லாதீர்கள்.

வெப்பநிலையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) மணம் எழும்பாது, கசப்பும் வாயுவின் உறைப்பும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். பில்ஸ்னர் ஜோடிக்கு 7 டிகிரி, கோதுமை ஜோடிக்கு 9, பேல் ஏல் ஜோடிக்கும் புளிப்பு ஜோடிக்கும் 11. லண்டன் பப்களில் கைப்பம்பில் இறைக்கும் ஏல் 11 முதல் 13 டிகிரியில்தான் வரும்; அதை வெதுவெதுப்பு என்று சொல்பவர்கள் நிலவறைக் குளிர்ச்சி எப்படி இருக்கும் என்று அறியாதவர்கள். 22 டிகிரி உள்ள அறையில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 330 மில்லி பாட்டில் 8 டிகிரியைத் தொட ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். உங்கள் அறை வேறு மாதிரி இருக்கும் என்பதால் சமையலறைத் தெர்மாமீட்டரை முதல் கிளாஸில் விட்டு அளந்துகொள்ளுங்கள். ஜோடியின் இரண்டு பீரும் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

ஊற்றுவது

ஒருவர் மட்டும் சமையலறையில் ஊற்ற, மற்றவர்கள் பாட்டிலைப் பார்க்கக் கூடாது. கிளாஸின் அடியில் ஒட்டுத்தாளில் 1, 2 என்று எழுதினால் போதும். ஊற்றுபவரும் கலந்துகொள்ள விரும்பினால், இன்னொருவர் கிளாஸ்களை இடம் மாற்றி வைக்கட்டும். நிறமே காட்டிக்கொடுத்துவிடும் ஜோடியாக இருந்தால் விளக்கைக் குறைத்துவிடுங்கள், அல்லது கிளாஸைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றுங்கள்.

கோதுமை பீரில் ஈஸ்ட் அடியில் படிந்திருக்கும். நாலு பேருக்குப் பிரிக்கும்போது முதல் கிளாஸ் தெளிவாகவும் கடைசிக் கிளாஸ் சேறாகவும் போனால் நாலு பேரும் நாலு வேறு பீரைக் குடித்தது போலாகிவிடும். திறக்கும் முன் பாட்டிலைப் படுக்கவைத்து மேசையில் மெதுவாக ஏழெட்டு தடவை உருட்டுங்கள். ஒரு நிமிடம் நிறுத்திவைத்துத் திறங்கள். குலுக்கினால் பாதி பீர் நுரையாகப் போய்விடும். கூஸுக்கு நேர் எதிர்: முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி நிற்கவையுங்கள். கார்க்கைத் துணியால் பிடித்துக்கொண்டு திறங்கள். உள்ளே அழுத்தம் நிறைய. திறந்த பிறகு, ஒரு கிளாஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பாட்டிலை நிமிர்த்தாமல் சாய்த்தபடியே நாலையும் ஊற்றி முடியுங்கள். நிமிர்த்தினால் வண்டல் கலங்கிவிடும். கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

முகர்ந்து, குடித்து, எழுதுவது

ஊற்றியவுடன் முகருங்கள். சில மணங்கள் முதல் நிமிடத்திலேயே பறந்துவிடும். கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, ஒரு சுழற்று சுழற்றி, கையை எடுத்து, சின்னச் சின்னதாக மூன்று முறை உறிஞ்சுங்கள். பெரிய மூச்சாக இழுத்தால் மூக்கு உடனே பழகிவிடும். பிறகு 15 மில்லி அளவுக்கு ஒரு வாய் எடுத்து, வாய் முழுக்கப் பரவவிட்டு, விழுங்கி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ஒயின் போலத் துப்பிவிட்டால் பீரின் பாதி தவறிவிடும். விழுங்கிய பிறகு வரும் கசப்பும், தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணமும்தான் அதன் முக்கியப் பகுதி.

நாலு விஷயம் எழுதினால் போதும்: மணம், இனிப்பா கசப்பா எது முந்துகிறது, வாயில் கனம், கசப்பு எத்தனை நொடி நிற்கிறது. எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் "வாழைப்பழம்" என்று சொல்லிவிட்டால் மேசையில் எல்லோருக்கும் வாழைப்பழம் மணக்க ஆரம்பித்துவிடும்.

மணத்துக்கு ஆங்கிலப் பட்டியலிலிருந்து சொல் தேட வேண்டாம். நமக்குத் தெரிந்த மணங்களின் பெயரே கச்சிதம். கனிந்த ரஸ்தாளி, கிராம்பு, பம்பளிமாஸ் தோல், வறுத்த பொட்டுக்கடலை, மாரி பிஸ்கட், கருப்பட்டி, கொத்தமல்லி விதை, உருக்கிய வெண்ணெய், வேகவைத்த மக்காச்சோளம். கடைசி இரண்டும் பெரும்பாலான பீர்களில் குறைகள். வெண்ணெய் மணம் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் பீரைக் குளிரவைத்ததால் வரும், அல்லது அழுக்குக் குழாயால் வரும். சோள மணம் வெளிர் மால்ட்டைப் போதிய நேரம் கொதிக்கவைக்காததால் வரும்.

இடையில் சாதாரணத் தண்ணீரும் உப்புச் சேர்க்காத வெள்ளை ரொட்டியும் மட்டும். சீஸ், மிக்சர், சிப்ஸ் எல்லாம் எட்டாவது கிளாஸுக்குப் பிறகு. எண்ணெய் பட்ட உதடு நுரையைக் கொன்றுவிடும். காரம் கசப்பைத் தூக்கிக் காட்டும். அன்று மாலை சென்ட் போடாமல் வரச் சொல்லுங்கள்.

ஜோடிகளில் எதைத் தேடுவது

1842-ல் பில்சென் நகரில் யோசஃப் க்ரோல் என்ற பவேரியக்காரர் வடித்த பொன்னிற லாகரின் (குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர்) நேர் வாரிசு பில்ஸ்னர் உர்க்வெல். மால்ட் கூழில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துச் செம்புக் கொப்பரையில் கொதிக்கவைத்து மறுபடி சேர்ப்பதை இன்றும் மூன்று முறை செய்கிறார்கள். ரொட்டியின் மேல்தோல், தேன் மாதிரியான அடர்த்தி அதிலிருந்து வருவது. மெல்லிய வெண்ணெய் மணமும் இருக்கும். இந்தப் பீரில் அது குறையல்ல, அதன் குணம். 1996-ல் தொடங்கிய டிப்போபில்ஸில் நொதித்து முடிந்த பீரில் மறுபடி ஹாப்ஸை ஊறவைக்கிறார்கள். அதனால் பச்சைப் புல், பூ மணம் முதலில் வரும். உடல் மெலிந்து, கசப்பு கூர்மையாக இருக்கும். உர்க்வெல்லில் மணம் மால்ட்டிலிருந்து ஹாப்ஸுக்கு நகரும். டிப்போபில்ஸில் ஹாப்ஸிலிருந்து மால்ட்டுக்குப் போகும். இந்த வரிசையைத்தான் கவனிக்க வேண்டும்.

இங்கே உர்க்வெல்லில் ஒரு வாய் மிச்சம் வையுங்கள். அடுத்த ஜோடிக்குத் தேவைப்படும்.

பேல் ஏல் ஜோடியில் பேசப்போவது ஹாப்ஸின் ஊர். லண்டன் பிரைடில் மார்மலேட், பிஸ்கட், கொஞ்சம் மண் வாசனை. ஆரஞ்சு மணத்தில் பெரும்பங்கு அந்த ஆலையின் ஈஸ்டுடையது. சியரா நெவாடாவில் பம்பளிமாஸ் தோலும் பைன் பிசினும். 1980-ல் இதை வடித்தபோது பயன்படுத்திய காஸ்கேட் ஹாப்ஸ், 1972-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ரகம். அதன் முன்னோர்களில் ஃபகிள் என்ற ஆங்கில ஹாப்ஸும் உண்டு. அமெரிக்கக் கிராஃப்ட் பீரின் அடையாள மணத்துக்குள்ளேயே ஓர் ஆங்கிலப் பாட்டி இருக்கிறாள்.

இப்போது எடுத்துவைத்த உர்க்வெல்லைச் சியரா நெவாடாவோடு வைத்துப் பாருங்கள். எது கசப்பு? ஏறக்குறைய எல்லோரும் சியரா நெவாடா என்பார்கள். ஆனால் அளந்தால் இரண்டின் கசப்பு எண்ணும் 40-ஐ ஒட்டியே வருகிறது. பம்பளிமாஸ் மணம் வந்ததும் மூளை கசப்பை எதிர்பார்க்கிறது. மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு இரண்டையும் மறுபடி குடித்தால் வித்தியாசம் சுருங்கிவிடும். இந்த மாலையில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கோதுமை ஜோடியின் கதை வேறு. 1872-லிருந்து ஷ்னைடர் குடும்பம் வடிக்கும் வைஸ்பியரில் வாழைப்பழமும் கிராம்பும் மணப்பது எந்தச் சேர்க்கையாலும் அல்ல. ஈஸ்ட் மட்டுமே அதைச் செய்கிறது. மால்ட் கூழை 45 டிகிரியில் சிறிது நேரம் நிறுத்திவைத்தால் கிராம்பு மணத்துக்கான மூலப்பொருள் கூடும். அதனால் ஆலைக்கு ஆலை கிராம்பு ஏறும், இறங்கும். 2007-ல் ஷ்னைடரின் ஹான்ஸ்-பீட்டர் ட்ரெக்ஸ்லரும் நியூயார்க்கின் ப்ரூக்ளின் ப்ரூவரியைச் சேர்ந்த காரெட் ஆலிவரும் சேர்ந்து செய்த முயற்சியிலிருந்து வந்தது ஹாப்ஃபென்வைஸ்ஸே. வாழைப்பழம் இப்போது மாம்பழத்துக்கும் அன்னாசிக்கும் நடுவில் எங்கோ நிற்கும், ஏனென்றால் ஹாப்ஸின் பழ மணமும் ஈஸ்டின் பழ மணமும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. எது எதனுடையது என்று பிரிக்க, முதல் கிளாஸை முகர்ந்துவிட்டு உடனே இரண்டாவதை முகருங்கள். புதிதாக வந்த மணம் மட்டும் துலங்கும்.

புளிப்பு ஜோடி கடைசியில்தான் வர வேண்டும். இதற்குப் பிறகு எதைக் குடித்தாலும் தட்டையாக இருக்கும். பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய பகுதியில், குளிர் மாதங்களில், கொதித்த மால்ட் சாற்றை அகலமான திறந்த தொட்டியில் இரவு முழுக்க ஆறவிடுகிறார்கள். ஈஸ்டை யாரும் போடுவதில்லை. காற்றிலும் மரப் பீப்பாயிலும் இருப்பதே வேலை செய்கிறது. அப்படி வந்த லாம்பிக்கில் 1, 2, 3 வருடத்தவற்றைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்கவைப்பதுதான் கூஸ். லேபிளில் "ஔட" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாதவற்றில் இனிப்புச் சேர்த்தவை உண்டு. கோஸே ஜெர்மனியின் லைப்ஸிக் பக்கத்துப் பீர், உப்பும் கொத்தமல்லி விதையும் போடுவது. இன்றைய கிராஃப்ட் ஆலைகள் பலவும் மால்ட் சாற்றில் லாக்டோபாசிலஸ் என்ற பாக்டீரியாவைச் சேர்த்து ஓரிரு நாளில் புளிக்கவைத்து, கொதிக்கவைத்து, பிறகு ஈஸ்ட் சேர்க்கின்றன. நாக்கில் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். கோஸேயின் புளிப்பு தயிர் மாதிரி நேராக வந்து நின்றுவிடும். கூஸின் புளிப்பு எலுமிச்சையில் தொடங்கி, பச்சை ஆப்பிளாகி, தோல் பையும் வைக்கோலும் மணக்க நீளும். கூஸில் நகப்பூச்சு மாதிரியோ, சுத்தக் காடி மாதிரியோ மூக்கைக் குத்தினால் அந்தப் பாட்டில் தவறிப்போனது. அதை வைத்து கூஸை எடைபோட வேண்டாம்.

வேறொரு நாளுக்கு

இரண்டு பீர் நிஜமாகவே வேறுபடுகிறதா என்ற சந்தேகம் வந்தால் முக்கோணச் சோதனை செய்யுங்கள். ஆளுக்கு மூன்று கிளாஸ், ஒவ்வொன்றிலும் 30 மில்லி. இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று மட்டும் சொல்ல வேண்டும். பிடித்திருக்கிறதா என்ற கேள்வியே கூடாது. குருட்டாம்போக்கில் ஒருவர் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு. நாலு பேரும் அப்படிச் சரியாகச் சொல்ல 81-ல் ஒன்றுதான். மூன்று பேர் சரியாகச் சொன்னால் முடிவு கட்டாதீர்கள், இன்னொரு நாள் திரும்பச் செய்யுங்கள்.

இதற்கு அருமையான பீர் ஓர்வால், 6.2%. பெல்ஜியத்தின் தென்கோடியில் உள்ள, ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடத்தில் வடிப்பது. பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். லேபிளில் அடைத்த தேதி இருக்கும். மூன்று மாதம் ஆனதும் ஒரு வருடம் ஆனதும் பக்கத்தில் இருந்தால், முதலாவதில் ஆரஞ்சுத் தோலும் ஹாப்ஸும், இரண்டாவதில் தோல் பை மணமும் உலர்ந்த புல்லும், இனிப்பே இல்லாத வறட்சியும் கிடைக்கும்.

கருப்பு பீர்களுக்கும் தனி மாலை வேண்டும். ஆல்கஹால் கூடுதல் என்பதால் ஆளுக்கு 50 மில்லி, 13 டிகிரி. கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா (7.5%), இலங்கையின் லயன் ஸ்டவுட் (8.8%), ஏதாவதொரு கிராஃப்ட் இம்பீரியல் ஸ்டவுட். லயன் ஆலையின் தொடக்கம் 1849-ல் நுவரெலியாவில், பிரிட்டிஷ்காரர்களின் மலைத்தோட்டக் காலத்தில். பிரிட்டனில் குறைந்துபோன கனமான ஸ்டவுட் வழக்கம் அந்தத் தீவில் தங்கிவிட்டது. கின்னஸில் கருகிய பார்லியின் காப்பிக் கசப்பு முன்னால் வரும். லயனில் கருப்பட்டியும் சாக்லேட்டும். இம்பீரியல் ஸ்டவுட்டைக் கடைசியில் ஊற்றுங்கள், அது பீப்பாயில் ஊறியதாக இருந்தால் கிளாஸிலேயே பத்து நிமிடம் விட்டுவிட்டுக் குடியுங்கள்.